முதிய பூனைகளில் எடை இழப்பு

முதிய பூனைகளில் எடை இழப்பு என்பது, பத்து வயதைக் கடந்த வீட்டுப் பூனைகள் உணவுக் கட்டுப்பாடு ஏதுமின்றி உடல் எடையை இழக்கும் நிலையைக் குறிக்கும். இது தனியொரு நோய் அன்று. பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறி ஆகும். வயதானால் பூனை மெலிவது இயல்பு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இதனால் மருத்துவத்திற்குக் கட்டுப்படக்கூடிய நோய்கள் பலவும் முற்றிய பின்னரே கண்டறியப்படுகின்றன.

பூனையின் முதுமை

அமெரிக்கக் கால்நடை மருத்துவ அமைப்புகள் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, 7 முதல் 10 வயது வரை உள்ளவை முதிர்ந்த பூனைகள், 10 வயதைக் கடந்தவை முதிய பூனைகள். வீட்டுக்குள் வளர்க்கப்படும் பூனை 15 ஆண்டுகளுக்கு மேல் வாழ்வது இன்று அரிதன்று. மிக நீண்ட காலம் வாழ்ந்ததாகக் கின்னஸ் நூலில் பதிவான பூனை, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1967 முதல் 2005 வரை 38 ஆண்டுகள் வாழ்ந்த கிரீம் பஃப் ஆகும்.

நடுவயதில் பூனைகள் பொதுவாக எடை கூடும். முதுமையில் இது தலைகீழாகிறது. சில பூனைகளில் புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கும் திறன் குறைகிறது. தசையும் மெல்லக் கரைகிறது. ஆயினும், சில மாதங்களுக்குள் கண்ணுக்குத் தெரியும் அளவு மெலிவதற்கு முதுமையை மட்டும் காரணமாகக் கொள்ள இயலாது.

எடை இழப்பை அறிதல்

பூனை தன் நோயை வெளிக்காட்டாத விலங்கு. அடர்ந்த உரோமமும் தொங்கும் அடிவயிற்றுத் தோலும் மெலிவை மறைத்துவிடும். 4 கிலோ எடையுள்ள பூனை 400 கிராம் குறைந்தால், அது பத்தில் ஒரு பங்கு இழப்பு. 60 கிலோ எடையுள்ள மனிதர் 6 கிலோ குறைவதற்கு ஒப்பானது.

எனவே முதிய பூனையை மாதம் ஒருமுறை, ஒரே எடைக்கருவியில் நிறுத்துக் குறித்து வைப்பது நல்லது. குழந்தைகளுக்கான எடைக்கருவி இதற்கு ஏற்றது. அது இல்லையெனில் பூனையைத் தூக்கிக்கொண்டு எடை பார்த்து, தம் எடையைக் கழித்துக்கொள்ளலாம். முதுகெலும்பு, தோள்பட்டை, இடுப்பெலும்பு ஆகியவற்றைத் தடவிப் பார்ப்பதும் பயன் தரும். எலும்புகள் கூர்மையாகக் கையில் தட்டுப்பட்டால் தசை குறைந்துள்ளது என்று பொருள். வயிறு பருத்த பூனைக்கும் முதுகில் தசை கரைந்திருக்கக்கூடும்.

பசியைக் கொண்டு அறிதல்

எடை குறையும்போது பசி எவ்வாறு உள்ளது என்பது முதன்மையான தடயம்.

நன்றாக உண்டும் மெலியும் பூனைக்குத் தைராய்டு மிகைச்சுரப்பு, நீரிழிவு, குடல் நோய் ஆகியவற்றுள் ஒன்று இருக்கலாம். உணவில் நாட்டம் குறைந்து மெலியும் பூனைக்குச் சிறுநீரக நோய், புற்றுநோய் போன்றவை இருக்கலாம். உணவை நாடி வந்து, முகர்ந்து, உண்ணாமல் விலகினால் வாய்வலியோ குமட்டலோ காரணமாகலாம். இவை வழிகாட்டும் குறிப்புகளே. ஒரே பூனைக்கு இரண்டு மூன்று நோய்கள் சேர்ந்திருப்பதும் உண்டு.

முதன்மைக் காரணங்கள்

தைராய்டு மிகைச்சுரப்பு: கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி இயங்கும் நோய். 1970களின் இறுதியில் அமெரிக்காவில் விவரிக்கப்பட்டது. இன்று முதிய பூனைகளில் மிகப் பரவலான சுரப்பி நோய் இதுவே. பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத கட்டியே காரணம். பூனை நிறைய உண்ணும், ஓயாது கத்தும், இரவில் உலவும், வாந்தி எடுக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும். இந்தச் சுறுசுறுப்பு நலத்தின் அடையாளம் எனத் தவறாகக் கொள்ளப்படுவதுண்டு. இரத்தத்தில் தைராக்சின் அளவைச் சோதித்து நோயை அறியலாம். மெதிமசோல் மாத்திரை, சிறப்பு உணவு, அறுவை மருத்துவம், கதிரியக்க அயோடின் ஆகியவை மருத்துவ முறைகள். முதலிரண்டும் நோயைக் கட்டுப்படுத்துவன. பின்னிரண்டும் பெரும்பாலும் குணப்படுத்துவன.

நாட்பட்ட சிறுநீரக நோய்: பூனை அதிக நீர் பருகுவதும் அதிகச் சிறுநீர் கழிப்பதும் தொடக்க அறிகுறிகள். சிறுநீரகச் செயற்பாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு இழந்த பின்னரே இரத்தத்தில் கிரியேட்டினின் தெளிவாக உயரும். கிரியேட்டினின் தசையிலிருந்து உண்டாவதால், மெலிந்த பூனையில் அது குறைவாகவே தோன்றி ஏமாற்றலாம். தைராய்டு மிகைச்சுரப்பும் சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் கூட்டி இந்நோயை மறைக்கும். எனவே தைராய்டுக்கு மருந்து தொடங்கிய பின் சிறுநீரகத்தை மீண்டும் சோதிப்பது இன்றியமையாதது. இந்நோயை முற்றிலும் குணப்படுத்த இயலாது. எனினும் பாஸ்பரஸ் குறைந்த உணவு, போதிய நீர், இரத்த அழுத்தக் கட்டுப்பாடு ஆகியவற்றால் பல பூனைகள் ஆண்டுக்கணக்கில் நலமுடன் வாழ்கின்றன.

நீரிழிவு: உடல் பருத்த பூனைகளில் மிகுதி. தாகம், மிகுந்த பசி, எடை இழப்பு ஆகியவற்றுடன், சில பூனைகள் பின்னங்கால்களின் குதிகால் தரையில் படும்படி நடக்கும். தொடக்கத்திலேயே இன்சுலினும் மாவுச்சத்து குறைந்த உணவும் கொடுத்தால், சில பூனைகளில் இன்சுலின் தேவைப்படாத நிலை மீளும்.

குடல் நோய்கள்: நாட்பட்ட குடல் அழற்சியும் மெதுவாக வளரும் நிணநீர்ப் புற்றுநோயும் ஒன்றுபோலவே தோன்றும். அடிக்கடி வாந்தி எடுப்பதை ‘உரோம உருண்டை’ என்று ஒதுக்கிவிடலாகாது. இவற்றைப் பிரித்தறியத் திசுச் சோதனை தேவைப்படலாம்.

வாய் நோய்களும் மூட்டு வலியும்: பல் சிதைவும் ஈறு அழற்சியும் உண்பதை வேதனையாக்கும். மூட்டு வலியுள்ள பூனை, உயரத்தில் வைத்த உணவுக் கிண்ணத்தை எட்டாமல் பட்டினி கிடக்கலாம்.

உடனடி மருத்துவம் தேவைப்படும் நிலைகள்

ஒரு நாள் முழுதும் எதுவும் உண்ணாத பூனையை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பட்டினி சில நாள் நீடித்தால் உடற்கொழுப்பு கல்லீரலில் குவிந்து, அதன் செயற்பாடு முடங்கும். பருத்த பூனைகளுக்கு இந்த ஆபத்து மிகுதி. திடீர்ப் பார்வையிழப்பு, வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், சிறுநீர் கழிக்க இயலாமை ஆகியவையும் அவசர நிலைகளே.

மனிதருக்கான வலி மருந்துகளைப் பூனைக்குக் கொடுக்கக் கூடாது. பாராசிட்டமாலை முறிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு; 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே உயிரைப் பறிக்கக்கூடும்.

பராமரிப்பு

முதிய பூனையை ஆண்டுக்கு இருமுறை மருத்துவரிடம் காட்டி, எடை, இரத்தம், சிறுநீர், இரத்த அழுத்தம், வாய் ஆகியவற்றைச் சோதிப்பது நல்லது. பூனை ஊனுண்ணி, பால்சோறு மட்டும் அதன் புரதத் தேவையை நிறைவு செய்யாது. நோய் உறுதியாகாமல் புரதத்தைக் குறைத்தால் தசை மேலும் கரையும்.

முகரும் திறன் குறையும்போது பசியும் குறைவதால், உணவை இளஞ்சூடாக்கி, சிறிது சிறிதாகப் பலமுறை வைக்கலாம். நீர்க் கிண்ணங்களைப் பல இடங்களில் வைப்பதும், மணல் தட்டின் விளிம்பு தாழ்வாக இருப்பதும் உதவும். சிறுநீரக உணவு போன்ற புதிய உணவுகளைப் பழைய உணவுடன் கலந்து படிப்படியாக மாற்ற வேண்டும். பூனை அதை மறுத்தால், உண்ணாமல் கிடப்பதைவிடப் பழைய உணவை உண்பதே மேல்.

எல்லா நோயையும் நீக்க இயலாது. வலியும் குமட்டலும் தணிக்க முடியாத கட்டத்தில் மருத்துவத்தைத் தொடர்வதா என்பதை மருத்துவருடன் கலந்து முடிவு செய்ய வேண்டியிருக்கும். ஆனால் மெலிவின் காரணத்தை அறிந்த பின்னரே அம்முடிவை எடுக்க முடியும்.