லைட் ஒன்று, அர்த்தம் இரண்டு

நம்மூர்ச் சாலையில் எதிரே வரும் வண்டி ஹெட்லைட்டை அடித்துக் காட்டினால், பெரும்பாலும் "நான் வருகிறேன், நீங்கள் நில்லுங்கள்" என்றே பொருள். லண்டனில் ஓட்டிப் பழகியவர் அதையே "நீங்கள் போங்கள்" என்று எடுத்துக்கொள்வார். விடுமுறையில் ஊர் வரும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால், நம்மை முந்திப் போகச் சொல்வதாகவும் இருக்கலாம். வலப்புறம் திரும்புவதாகவும் இருக்கலாம். லாரி திரும்பவில்லை என்பது உறுதியாகி, எதிர்ப்பாதையும் காலியாகத் தெரிந்தால் மட்டும் முந்துங்கள்.

நாற்சந்தியில் நேராகப் போக நான்கு இண்டிகேட்டரையும் போடாதீர்கள். பக்கவாட்டில் வருபவருக்கு ஒரு பக்க விளக்கு மட்டுமே தெரியும். நீங்கள் திரும்புவதாக நினைப்பார்.

பின்னால் ஹாரன் அடிப்பவர் எச்சரிக்கிறார், ஏசவில்லை என்றே எண்ணுவோம்.

பாதையில் இடையூறை அகற்றுவது தர்மம் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். இரவில் எதிரே வருபவருக்காக லைட்டை டிம் செய்வதும் அதில் சேரும், இன்ஷா அல்லாஹ்.