இலந்தைப் பருப்பும் அப்பாவின் உறக்கமும்

தைபேயில் வேலை பார்க்கும் என் மகன் விடுமுறைக்கு வந்தபோது, தாத்தாவுக்கென்று ஒரு டப்பா மருந்துப் பொடி கொண்டுவந்தான். அப்பாவுக்கு வயது 78. இரவு இரண்டு மணிக்கு விழித்தால் பால்காரர் வரும்வரை கொட்டக் கொட்ட உட்கார்ந்திருப்பார். பொடியை வெந்நீரில் கலந்து குடித்த ஒரு வாரமும் நன்றாகத் தூங்கினார். "இது என்னன்னு விசாரிச்சு நம்ம சங்கப் பத்திரிகையில எழுதேன்டா" என்றார். விசாரித்தேன்.

இதன் பெயர் சுவான் ஜாவ் ரென் தாங். புளிப்பு இலந்தைப் பருப்புக் கஷாயம் என்று பொருள். ஊரில் பள்ளிக்கூட வாசலில் கூறு கட்டி விற்பார்களே, அந்த இலந்தைக்கு இது ஒன்றுவிட்ட உறவு. ஆனால் பழம் வேண்டாம். கொட்டையை உடைத்து உள்ளிருக்கும் பருப்பை எடுக்கிறார்கள். கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் என்ற சீன வைத்தியர், உடல் ஓய்ந்தும் மனம் அடங்காமல் தவிப்பவர்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறார். பருப்பை முதலில் தனியாகக் கொதிக்கவிட்டு, பிறகு மற்ற நான்கு சரக்குகளையும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சி, மூன்று வேளையாகக் குடிக்க வேண்டும்.

பலன் உண்டா? எலிகளுக்குக் கொடுத்தால் கூடுதல் நேரம் தூங்குகின்றன. மனிதர்களிடம் நடந்த சோதனைகள் பெரும்பாலும் சீனாவில், சிறிய அளவில் நடந்தவை. பலவற்றில் யாருக்கு எந்த மருந்து என்பது மறைக்கப்படவில்லை. தைவானில் மெத்தடோன் சிகிச்சை பெறும் 90 பேரிடம், போலி மருந்தோடு ஒப்பிட்டு நான்கு வாரம் நடத்திய சோதனை 2015இல் வெளியானது. அதில் தூக்கம் ஓரளவு மேம்பட்டது. போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்குக் கிடைத்த பலன் அப்பாவுக்கும் கிடைக்கும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

என்னைத் திடுக்கிட வைத்தது வேறு. அந்த நான்கு சரக்குகளில் ஒன்று அதிமதுரம்! நாம் இருமலுக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் சரக்குதான். ஆனால் அளவு மீறி நாள்தோறும் உள்ளே போனால் உடலில் உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் குறையும், ரத்த அழுத்தம் ஏறும். அப்பாவோ ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும், கூடவே நீர் பிரிய ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறவர். அந்த நீர் மாத்திரையும் பொட்டாசியத்தைக் குறைக்கக் கூடியது. அன்று மாலையே டப்பாவோடு டாக்டரிடம் ஓடினோம். ரத்தப் பரிசோதனையில் நல்லவேளையாக ஒன்றும் இல்லை. பொடியை நிறுத்தச் சொல்லிவிட்டார். மதியம் குறட்டை விடும் இரண்டு மணி நேரத்தையும் நிறுத்தச் சொன்னார். அதுதான் அப்பாவுக்குப் பெரிய கோபம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகனும் ஊருக்குக் கிளம்பினான். திங்கள் இரவு இரண்டு மணிக்குக் கூடத்தில் விளக்கு எரிந்தது.

"பார்த்தியா, கஷாயத்தை நிறுத்தினது தப்பு" என்றார் அப்பா. "பேரன் போனதுதான் காரணம்" என்கிறாள் அம்மா.