தலைநகரில் கூலிக்கு – 9: முதல் சீட்டு

சென்ற வாரம் டெல்லியின் பவானா தீ விபத்தைப் பார்த்தோம். 2018 ஜனவரி 20 அன்று 17 உயிர்கள் போயின, நாடே பேசியது. விரல் போனால் யாரும் பேசுவதில்லை. டெல்லியைச் சுற்றியுள்ள பட்டறைகளில் பவர் பிரஸ் விரல்களை நறுக்கிக்கொண்டேதான் இருக்கிறது. தகட்டைக் கையால் டை எனும் அச்சுக்குள் வைத்து, காலால் பெடலை மிதிக்க வேண்டும். கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்துவதற்கென்று சென்சார் உண்டு. உற்பத்தி குறைகிறது என்று பல இடங்களில் அதை அணைத்தே வைத்திருக்கிறார்கள்.

அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது சூப்பர்வைசரோ தேக்கேதார் எனும் ஒப்பந்தக்காரரோதான். எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டால், கூட வந்தவரே முந்திக்கொண்டு "பைக்கிலிருந்து விழுந்துட்டான்" என்று சொல்லிவிடுகிறார். அது அப்படியே சீட்டில் ஏறிவிடுகிறது. பிறகு எங்கே போய் நின்றாலும் அந்தச் சீட்டே எதிர்சாட்சி. வலியில் உயிர் போனாலும் "கம்பெனியில், மெஷினில்" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள், எம்.எல்.சி. (மருத்துவ-சட்ட வழக்கு) பதியச் சொல்லிக் கேளுங்கள். இந்தத் தொடரில் இதைவிட முக்கியமான யோசனை என்னிடம் இல்லை.

அடுத்த பொறி வெற்றுத்தாள். கையில் இருபதாயிரத்தைத் திணித்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கைநாட்டு வாங்கிக்கொள்வார்கள். சட்டத்தின் முன் அந்தத் தாள் செல்லாது. நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் எதுவானாலும் செல்லாது என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 17-ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. தேக்கேதாரின் ஆள்தானே என்று முதலாளி ஒதுங்கவும் முடியாது; 12-ஆம் பிரிவு அவரையும் பொறுப்பாக்கியது.

உண்மையில் எவ்வளவு கிடைக்க வேண்டும்? முப்பது வயதுக்காரர், சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 சதவீதம் 9,000. சட்டத்தின் அட்டவணையில் அந்த வயதுக்குரிய காரணி 207.98. பெருக்கினால் 18,71,820 ரூபாய். ஒரு கையில் மூன்று விரல் போனால் அட்டவணைப்படி சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, ஆக 5,61,546. நான்கு விரல் என்றால் 50 சதவீதம், 9,35,910. இருபதாயிரம் எங்கே, இது எங்கே! ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி; தக்க காரணமின்றித் தாமதித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் சேரும். இதிலும் ஓர் அநியாயம் இருக்கிறது. டெல்லியில் 2025 ஏப்ரல் முதல் சாதாரணக் கூலிக்காரரின் குறைந்தபட்ச ஊதியமே 18,456. ஆனால் இந்தக் கணக்கில் சம்பள உச்சவரம்பு 15,000. 2020-இல் வைத்த வரம்பு அது.

அட்டவணையே முடிந்த முடிவும் அல்ல. ஒடிசாவில் ஒரு தச்சர் விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேல் இழந்தார். ஒற்றைக் கையால் தச்சு வேலை நடக்காது, ஆகவே இழப்பு நூறு சதவீதம் என்ற தீர்மானத்தை 1975-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நஷ்டஈடு விபத்து நடந்த நாளிலிருந்தே பாக்கி என்றும் சொன்னது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில், 21,000 வரை சம்பளம் வாங்குபவர் இ.எஸ்.ஐ.யில் வருவார். அவருக்கு வழி வேறு: தற்காலிக முடக்கத்துக்குக் கூலியில் 90 சதவீதம், நிரந்தர இழப்புக்கு மாத ஓய்வூதியம். பணியிட விபத்துக்கு வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. ஆனாலும் குருகிராம், மானேசர் பக்கம் பல தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ. அட்டை விபத்துக்குப் பிறகுதான் கிடைக்கிறது என்பதை சேஃப் இன் இந்தியா அமைப்பின் 'கிரஷ்ட்' அறிக்கைகள் பதிவு செய்திருக்கின்றன. முதலாளி சந்தா கட்டாமல் ஏமாற்றியிருந்தாலும் கலங்க வேண்டாம். தொழிலாளிக்கு உரியதைக் கொடுத்துவிட்டு, அதை முதலாளியிடம் வசூலிக்க இ.எஸ்.ஐ. கழகத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் நஷ்டஈட்டுச் சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. காயப் பட்டியலும் வயதுக் காரணியும் அதிலும் உண்டு. எந்தச் சட்டம் வந்தாலும் சம்பளச் சீட்டு, வாட்ஸ்அப்பில் வந்த ஷிப்ட் தகவல், பக்கத்து மெஷின்காரரின் பெயரும் எண்ணும் கையில் இருக்க வேண்டும். இழப்பு எத்தனை சதவீதம் என்று மருத்துவக் குழு எப்படி முடிவு செய்கிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.