சீட்டு யார் பெட்டியில்?

களியக்காவிளையைக் கடந்தால் இஞ்சிவிளை, அதனை அடுத்துப் பாறசாலை, அப்பால் நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு படத்தில் விழுந்ததேயன்றி, கொள்வினை கொடுப்பினையை அது அறுக்கவில்லை. தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் கலந்து ஒலிக்கும் ஊர்கள் இவை.

இவ்வூர்களினின்று வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் செல்வோர் உண்டு. வங்காளம், அசாம், ஒடிசா முதலிய இடங்களினின்று கட்டட வேலைக்காக இவ்வூர்களுக்கு வருவோரும் உண்டு. போகின்றவனுக்கும் வருகின்றவனுக்கும் பொதுவான கேள்வி ஒன்று இருக்கிறது. அவனுடைய கடவுச்சீட்டோ, ஆதார் அட்டையோ, யார் பெட்டியில் இருக்கிறது என்பதே அது.

"தொலைந்துவிடும், என்னிடம் பத்திரமாக இருக்கட்டும்" என்று முதலாளி கேட்பார். கேட்பதற்கு அன்பாகவே தோன்றும். இக்கூற்று உண்மையா என்று அறிய எளிய சோதனை உண்டு. கொடுத்தவன் கேட்ட அந்நாளிலேயே சீட்டு திரும்பி வருகிறதா? வந்தால் அது பாதுகாப்பு. "கணக்கை முடித்துவிட்டு வாங்கிக்கொள்" என்று விடை வந்தால் அது பாதுகாப்பு அன்று, பிணை.

அப்பிணை எவ்வாறு வேலை செய்கிறது? சீட்டின்றி ஊர் திரும்ப முடியாது. வேறு வேலை தேட முடியாது. காவலர் நிறுத்திக் கேட்டால் விடை சொல்ல முடியாது. ஆகவே கூலி குறைந்தாலும், இரண்டு மாதம் வராமலே போனாலும், தொழிலாளி வாய் திறக்கமாட்டான். விலங்கு பூட்ட வேண்டியதில்லை. மேசை இழுப்பறையைப் பூட்டினால் போதும். உலகத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்பின் அடையாளங்களாகப் பதினொன்றைக் குறித்திருக்கிறது. அடையாள ஆவணங்களைப் பிடித்து வைத்துக்கொள்வது அவற்றுள் ஒன்று.

தமிழருக்கு இது புதிய துன்பமும் அன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இக்கூட்டத்தாரை விடுவிப்பதாகத் தோட்டத்துத் துரை எழுதித் தரும் சீட்டே துண்டு. மற்றொரு தோட்டம் அத்தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். ஆள் மாறினாலும் கடன் மாறாது. 1921இல் இலங்கை அரசு சட்டம் இயற்றி அம்முறையை ஒழித்தது. ஒரு மனிதன் வெளியேறலாமா கூடாதா என்பதை மற்றொருவன் கையிலுள்ள தாள் முடிவு செய்யலாகாது என்பதே அதன் பாடம்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1967ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டம், 17ஆம் பிரிவின்படி, கடவுச்சீட்டு மத்திய அரசின் உடைமை. அதை வைத்திருப்பவனுக்கே அடகு வைக்க உரிமை இல்லையெனில், அடகு பிடிக்க முதலாளிக்கு உரிமை ஏது? 2008இல் சுரேஷ் நந்தா வழக்கில் உச்சநீதிமன்றம் இன்னும் தெளிவாகக் கூறியது. காவல்துறை கடவுச்சீட்டைக் கைப்பற்றலாம். ஆனால் முடக்கி வைக்கும் அதிகாரம் கடவுச்சீட்டு அதிகாரிக்கே உண்டு. காவல்துறைக்கே இல்லாத அதிகாரம் கட்டட மேஸ்திரிக்கு எப்படி வரும்?

உள்நாட்டில் இடம்பெயர்வோருக்காக 1979இல் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் படம் ஒட்டிய கைப்புத்தகம் தர வேண்டும். கூலி விகிதம், பிடித்தம் முதலியவற்றைத் தொழிலாளியின் மொழியிலும் எழுத வேண்டும். அப்புத்தகம் தொழிலாளியிடமே இருக்கச் செய்ய வேண்டும் என்று அது விதித்தது. 2025 நவம்பரில் புதிய தொழிற்சட்டத் தொகுப்பு அதன் இடத்திற்கு வந்துவிட்டது. எனினும், தாள் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும் என்று அன்றே எழுதிவைத்த நுட்பம் மறக்கத்தக்கதன்று.

கடல் கடந்தும் சட்டங்கள் உண்டு. கத்தார் 2015இல் இயற்றிய சட்டம், கடவுச்சீட்டைப் பிடித்து வைக்கும் முதலாளிக்கு 25,000 ரியால் வரை தண்டம் விதிக்கிறது. ஆனால் தொழிலாளி எழுத்தில் வேண்டிக்கொண்டால் முதலாளி வைத்திருக்கலாம் என்றொரு வாசலும் அதில் உண்டு. வாசிக்கத் தெரியாத மொழியில் நீட்டப்படும் தாளில் கையெழுத்திடலாகாது என்பது இதனால் விளங்கும். வீட்டுவேலைக்குச் செல்வோருக்காக 2011இல் உருவான உலக உடன்படிக்கையும், அவர்கள் தம் ஆவணங்களைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் உரிமையை ஏற்கிறது. அதனை இந்தியா இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை.

சட்டம் நூலில் உறங்கினால் பயனில்லை. நாம் ஊரில் சொல்ல வேண்டியவை சிலவே. காட்டுவது வேறு, கொடுத்துவிடுவது வேறு. மூலத்தைக் காட்டி நகலைக் கொடுக்கலாம். கடவுச்சீட்டின் எண்ணும் நகலும் வீட்டாரிடம் இருக்கட்டும். ஆதாரோடு இணைந்த தொலைபேசி எண் தொழிலாளியின் சொந்த எண்ணாகவே இருக்கட்டும். ஒப்பந்தக்காரரின் எண்ணாக இருந்தால், அட்டை கையில் இருந்தும் சாவி அவரிடமே. அயல்நாட்டில் சீட்டு பறிபோனவர், ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் கேட்டு இந்தியத் தூதரகத்தை அணுகலாம். கேரளத்தார்க்குத் திருவனந்தபுரத்தில் நோர்க்கா அலுவலகம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துபாயில் தன் மகனின் கடவுச்சீட்டைப் பூட்டி வைத்தவனைக் கொடியவன் என்கிறோம். பாறசாலையில் வீடு கட்ட வந்த வங்காள இளைஞனின் அட்டை நம் அலமாரியில் இருந்தால், நமக்கு என்ன பெயர்? எல்லையில் வாழ்பவர்கள் இரு புறத்தையும் பார்க்க வல்லவர்கள். நம் பிள்ளைக்குக் கேட்கும் நீதியை வந்தவனுக்கும் வழங்குவோமாக.