வீட்டுப் பட்டறையும் அண்டை வீட்டாரும்

வீட்டில் சிறு பட்டறை வைத்திருப்பவர் அதை அண்டை வீட்டாருக்குத் திறந்துவிடலாமா? எவ்வூரிலும் எழக்கூடிய இக்கேள்வி, கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ் போன்ற பகுதிகளில் தனி முக்கியத்துவம் பெறுகிறது.

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கு சுரங்கத் தொழிலில் இறங்கியது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரமும் வந்து சேர்ந்தது. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களில் பிட்டர்களும் கொல்லர்களும் தச்சர்களும் தலைமுறை தலைமுறையாக உருவாயினர். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இளைஞர்க்குத் தொழில் பழக்கிய சுரங்கப் பட்டறைகளும் அவற்றுடன் ஓய்ந்தன. அங்குப் பயின்ற அறிவு இன்று முதியோர் சிலரின் கைகளிலேயே தங்கியுள்ளது. அரம் பிடிக்கும் பக்குவம் ஏட்டைப் படித்து வருவதன்று. உடன் நின்று பார்த்துக் கற்பது. ஆகவே, பட்டறைக் கதவை அடைத்து வைப்பவர் கருவிகளோடு கலையையும் பூட்டி வைக்கிறார்.

எனினும், கேட்டவர்க்கெல்லாம் கேட்டதைக் கொடுத்துவிடுவதும் அறிவுடைமை ஆகாது. கருவிகளை மூவகையாகப் பிரித்துக்கொள்வது நலம்.

சுத்தியல், ஸ்பானர், கடப்பாரை போன்றவை முதல் வகை. இவற்றை இரவல் கொடுக்கலாம். அமெரிக்காவில் பெர்க்லி நகரப் பொது நூலகம் 1979 முதல் நூல்களைப் போலவே கருவிகளையும் இரவல் வழங்கி வருகிறது. நாமும் பெயரையும் திருப்பித் தரும் நாளையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டால் மனத்தாங்கலுக்கு இடமிராது.

தீட்டிய உளி, இழைப்புளி, மைக்ரோமீட்டர் ஆகியவை இரண்டாம் வகை. உளியின் முனை ஓர் ஆணியில் பட்டாலே மழுங்கிவிடும். மைக்ரோமீட்டர் ஒருமுறை கீழே விழுந்தால் அதன் அளவு பிசகக்கூடும். இவை பட்டறையை விட்டு வெளியே செல்லலாகாது. உரியவர் முன்னிலையிலேயே பயன்பட வேண்டும்.

மின்சாரத்தால் இயங்கும் பொறிகள் மூன்றாம் வகை. விரிசல் கண்ட சாணைச் சக்கரம் சுழலும்போது சிதறி உயிருக்கே உலை வைக்கும். பொருத்துமுன் அதை மெல்லத் தட்டிப் பார்த்தால், நல்ல சக்கரம் கணீரென்று ஒலிக்கும். இத்தகைய நுட்பம் அறியாதவரிடம் பொறியைத் தனியே விடுவது நட்பாகாது. உடன் நின்று கற்பிப்பதே நட்பு.

மற்றொன்றும் கருதத் தக்கது. இங்குள்ள பழைய லைன் வீடுகள் பொதுச் சுவர் கொண்டவை. கல்லும் ஓடும் அறுக்கையில் எழும் சிலிக்காத் தூசி, இவ்வூர்ச் சுரங்கத் தொழிலாளரை வாட்டிய சிலிக்கோசிஸ் நோய்க்குக் காரணமான அதே தூசியே. ஆதலின் நீர் விட்டு அறுப்பதும், தக்க முகக்கவசம் அணிவதும், இரவில் ஓசையின்றி இருப்பதும் பட்டறை உடையவரின் கடமை. பட்டறைக்கு வராத அண்டை வீட்டாருக்கும் அதில் ஓர் உரிமை உண்டு: அமைதியும் தூய காற்றும்.

இவ்வரையறைகளை முன்னரே சொல்லிவிட்டு வாரத்தில் ஒரு நாளேனும் கதவைத் திறந்து வைப்போமாக. கருவி தேயினும் கைத்தொழில் வளரும்.