ஆறாம் ஸ்டேஷனில் விழுந்த விண்கல்

2008 அக்டோபர் 5. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், லெம்மன் மலை உச்சியில் நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. பூமிக்கு அருகே வரும் சிறுகோள்களைத் தேடும் ‘கேட்டலினா ஸ்கை சர்வே’யில் அன்று இரவுப் பணி ரிச்சர்ட் கோவால்ஸ்கிக்கு.

வேலை கேட்பதற்கு எளிமையானது. வானத்தின் ஒரே பகுதியைச் சில நிமிட இடைவெளியில் நான்கு முறை படம் எடுப்பார்கள். நட்சத்திரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். எந்தப் புள்ளி நகர்கிறதோ, அதுதான் ஆள்! புள்ளியைக் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுக்கும். அது நிஜமா, கேமரா கோளாறா என்று முடிவு செய்வது மனிதக் கண்.

அன்று ஒரு புள்ளி நகர்ந்தது. வழக்கம்போல விவரத்தை ‘மைனர் பிளானட் சென்டரு’க்கு அனுப்பினார். அங்கே பாதையைக் கணக்கிட்டவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது பூமியைக் கடந்து போகாது. சுமார் 20 மணி நேரத்தில் சூடான் பாலைவனத்துக்கு மேல் வந்து சேரும்.

கல்லின் அளவு சுமார் 4 மீட்டர், ஒரு கார் அளவு. காற்றிலேயே உடைந்துவிடும், ஆபத்தில்லை. ஆனாலும் பரபரப்பு. காரணம், மோதுவதற்கு முன்பே ஒரு சிறுகோள் கண்ணில் பட்டது அதுதான் முதல் முறை. ‘2008 டிசி3’ என்று பெயரிட்டார்கள். பல நாட்டுத் தொலைநோக்கிகள் அதன் பக்கம் திரும்பின. அக்டோபர் 7 விடியற்காலை, கணக்குப் போட்டபடியே, சுமார் 37 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தது.

டிசம்பரில் கார்ட்டூம் பல்கலைக்கழகத்தின் முவாவியா ஷத்தாத், மாணவர்களை அழைத்துக்கொண்டு பாலைவனத்துக்குப் போனார். அமெரிக்காவிலிருந்து விண்கல் ஆய்வாளர் பீட்டர் ஜென்னிஸ்கென்ஸும் வந்திருந்தார். தொலைந்த கம்மலைத் தேடுவதுபோல, வரிசையாக நின்று மணலைப் பார்த்தபடியே நடந்தார்கள். கறுத்த சின்னச் சின்னக் கற்கள் கிடைத்தன. அடுத்தடுத்த தேடல்களையும் சேர்த்தால் சுமார் 600 துண்டுகள், 10 கிலோவுக்கு மேல். அந்தப் பகுதி ரயில் நிலையத்தின் பெயரே கற்களுக்கும் ஆனது: ‘அல்மஹாத்தா சித்தா’. அரபு மொழியில் ‘ஆறாம் ஸ்டேஷன்’.

இப்படி மோதலுக்கு முன்பே சிக்கிய அடுத்த இரண்டு சிறுகோள்களையும், 2014-லும் 2018-லும், முதலில் பார்த்தவர் அதே கோவால்ஸ்கிதான். இதை என்னவென்று சொல்ல!

ஆனால், கார் அளவுக் கல்லைப் பிடித்த இந்தத் தேடல்களுக்கு, 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேல் வெடித்த சுமார் 20 மீட்டர் கல் தென்படவே இல்லை. அது சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்தது. பகல் வானத்தில் தரைத் தொலைநோக்கி என்ன செய்யும்? பளீரென்ற வெளிச்சத்தைப் பார்க்க மக்கள் ஜன்னலோரம் ஓடினார்கள். பின்னாலேயே வந்த அதிர்வலை கண்ணாடிகளை நொறுக்கியது. காயமடைந்தவர்கள் சுமார் 1,500 பேர்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் ‘நியோ சர்வேயர்’ என்ற விண்வெளித் தொலைநோக்கியை நாசா உருவாக்கிவருகிறது. வெளிச்சத்தை நம்பாமல், கல்லின் சூட்டை வைத்தே அதைக் கண்டுபிடிக்கும். சூரியனை ஒட்டிய திசையிலும் தேடும்.