விலங்குக்குப் பணம் உண்டு, விளக்குக்கு?

விலங்கு, விளக்கு! எழுத்திலே சிறு பேதம். நாட்டு வாழ்விலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள பேதம். விலங்கு, குற்றம் நடந்த பிறகு கையில் ஏறுவது. விளக்கு, குற்றம் நடக்கவிடாமல் தெருவில் எரிவது. விலங்குக்குப் பணம் ஒதுக்க எந்தச் சர்க்காரும் தயங்கியதில்லை. விளக்குக்குக் கேட்டாலோ, 'நிதி நிலைமை சரியில்லை' என்ற பல்லவி!

பாதுகாப்பு என்றால் என்ன? பஞ்சாலையில் இரவு ஷிப்டு முடித்து வரும் தோழரைக் கேளுங்கள். திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து திரும்பும் தங்கையைக் கேளுங்கள். அவர்கள் கவச வண்டியா கேட்கிறார்கள்? பஸ்ஸை விட்டு இறங்கி வீடு போய்ச் சேரும் அந்த அரை மைல் தூரத்துக்கு, எரிகிற விளக்கு கேட்கிறார்கள். மதுக்கடை வாசலைத் தொடாத ஒரு வழி கேட்கிறார்கள். வளர்ந்துவரும் பிள்ளை மாலையில் போய் உட்கார ஒரு படிப்பகம், ஓடியாட ஒரு திடல் கேட்கிறார்கள். இவை தெருவின் அமைதிக்கான செலவு அல்லவா? எனினும், 'சட்டம் ஒழுங்கு' என்ற தலைப்பில் இவற்றுக்கு இடமில்லை!

இந்தக் கணக்கைக் கோவை தன் இரத்தத்தால் எழுதிப் பார்த்துவிட்டது. 1997 நவம்பர் 29. உக்கடத்தில் ஒரு போக்குவரத்துக் காவலர் குத்திக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் இஸ்லாமியர் 18 பேர் மாண்டனர். 1998 பிப்ரவரி 14 அன்று தொடர் குண்டுகள் வெடித்தன; 58 உயிர்கள் போயின; 200க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இந்துவின் வீட்டிலும் ஒப்பாரி, இஸ்லாமியன் வீட்டிலும் ஒப்பாரி! கடைவீதிகள் வெறிச்சோடின. கோட்டைமேட்டு மக்கள் பல ஆண்டுகள் சோதனைச் சாவடிகளைத் தாண்டித்தான் தங்கள் வீட்டுக்கே போனார்கள்.

கொலைகாரனுக்குத் தண்டனை வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்த நெருப்பு ஒரே நாளில் மூண்டதா? ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக் கிடந்தன. வேலையற்ற வாலிபர்கள் தெருமுனையில் நின்றனர். நடைபாதை வியாபாரத்தில் போட்டி இருந்தது. இந்தப் பக்கத்து வதந்தி அந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கத்து வெறுப்பு இந்தப் பக்கம் வந்தது. அன்றைக்கு அந்தத் தெருக்களில் இரு தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து ஆட ஒரு திடலுக்கும், சேர்ந்து படிக்க ஓர் அறைக்கும் செலவிட்டிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்? பிறகு துணைப் படைக்கும் சாவடிக்கும் வழக்குக்கும் நட்ட ஈட்டுக்கும் ஆன செலவோடு அதை ஒப்பிட முடியுமா? போன உயிரை எந்தத் தராசில் நிறுப்பது?

2022க்கு வருவோம். அந்த அக்டோபர் 23 அதிகாலையில் உக்கடம் கோயில் அருகே கார் வெடித்தது. சில நாள்களுக்குள் கரும்புக்கடை, சுந்தராபுரம், கவுண்டம்பாளையம் ஆகிய மூன்று இடங்களில் புதிய போலீஸ் நிலையங்கள் அறிவிக்கப்பட்டன. வேண்டியதுதான்; நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே 2022இல், அதே கோவையில், போலீசாரே வேறொன்றும் செய்தார்கள். 'வீதிதோறும் நூலகம்' என்று பெயர் வைத்துக் குடியிருப்புகளுக்குள் புத்தகங்களைக் கொண்டுபோனார்கள். லத்தி பிடிக்கும் கை நூலை நீட்டியது! கல்லூரி மாணவிகள் கூசாமல் பேசுவதற்கென்று 'போலீஸ் அக்கா' என்று பெண் காவலர்களை அனுப்பினார்கள்.

அந்த 'அக்கா' ஏன் தேவைப்பட்டாள்? பொள்ளாச்சியை எண்ணிப் பாருங்கள். 2019இல் வெளிவந்த அந்தக் கொடுமையில், குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் சிறை என்று கோவை மகளிர் நீதிமன்றம் 2025 மே 13இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பை வரவேற்றோம். ஆனால் அந்தப் பெண்கள் எத்தனை நாள் வாய்மூடி அழுதிருப்பார்கள்! நிலையத்து வாசற்படி ஏற அஞ்சும் பெண்ணுக்கு, நம்பிப் பேச ஒரு முகம் வேண்டும். அந்த முகத்துக்குத்தான் பணம் ஒதுக்கச் சொல்கிறோம்.

'நல்ல திட்டங்கள்தாமே நடக்கின்றன, பிறகென்ன குறை?' என்பீர்கள். குறை இதுதான்: நல்ல அதிகாரி ஒருவர் வருகிறார், நல்ல காரியம் தொடங்குகிறது. அவர் மாற்றலாகிப் போனால் அலமாரிக்குப் பூட்டு விழுமோ என்ற அச்சம் நமக்கு. லத்தி வாங்குவது ஓர் அதிகாரியின் கருணையை நம்பியா இருக்கிறது? ஆண்டுதோறும் பட்ஜெட்டில் வரி எழுதி ஒதுக்கப்படுகிறதே! புத்தகத்துக்கும் விளக்குக்கும் திடலுக்கும் அதே போல் ஒரு வரி வேண்டும் என்கிறோம். நல்லெண்ணம் வாடும்; பட்ஜெட் வரி நிற்கும்.

டில்லியிடம் பணம் இல்லையா? உண்டு! டில்லிக் கொடுமைக்குப் பின், 2013இல் மத்திய பட்ஜெட்டில் 1000 கோடி ரூபாயோடு நிர்பயா நிதி பிறந்தது. பணம் செலவாகாமல் உறங்குவதேன் என்று நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் கேள்வி எழுந்தது. பிறகு 2018இல் எட்டுப் பெருநகரங்களுக்குப் 'பாதுகாப்பான நகரம்' திட்டம் வந்தது. சென்னைக்கு 425 கோடி. அந்த எட்டில் கோவை இல்லை! ஆயிரமாயிரம் பெண்கள் ஷிப்டு வேலைக்குப் போய்வரும் திருப்பூரும் இல்லை! தலைநகரத்துப் பெண்ணின் இரவுதான் இரவா? ஊத்துக்குளி சாலையில் நடப்பவளுக்கு இருட்டில்லையா?

'திருடனுக்கும் ரௌடிக்கும் புத்தகம் கொடுத்தால் திருந்துவானா? குண்டர் சட்டத்தில் போடு!' என்று கர்ஜிப்போர் உண்டு. 1982இலிருந்து அந்தச் சட்டம் இருக்கிறது. விசாரணையின்றி ஓராண்டு அடைக்கலாம். அதை மிகுதியாகக் கையாளும் மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசை. அடைத்தோம், விடுதலையானான், அதே தெருமுனைக்கு வந்தான், அங்கே அவனைச் சுற்றி நாலு புதுப் பையன்கள்! பழைய ரௌடியை அடைப்பது போலீசின் வேலை. புதிய ரௌடி முளைக்காமல் பார்ப்பது யாருடைய வேலை?

ஸ்காட்லாந்திலே கிளாஸ்கோ என்று ஒரு நகரம். நம் கோவையைப் போல் பாட்டாளி நகரம். கப்பல் கட்டிய நகரம். தொழில் சரிந்தது, கத்தி எழுந்தது. 'ஐரோப்பாவின் கொலைத் தலைநகர்' என்ற பழிச்சொல்லும் வந்தது. 2005இல் அங்கே போலீசாரே ஒரு தனிப் பிரிவு அமைத்தார்கள். வன்முறையை ஒரு தொற்று நோயாகப் பார், பரவுமுன் தடு என்றார்கள். கத்தி தூக்கினால் தண்டனை கடுமை. கீழே வைத்தால் வேலைக்கும் படிப்புக்கும் வழி. அரசு பணம் கொடுத்தது. ஆசிரியரும் மருத்துவரும் துணை நின்றனர். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஸ்காட்லாந்தில் கொலைகள் ஏறத்தாழப் பாதியாயின. அங்கே போலீஸ் வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை. போலீஸ் மட்டும் போதாது என்றுதான் சொன்னார்கள்.

நாமும் அதையே சொல்கிறோம். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூவர் கொல்லப்பட்டனர். 2025இல் சிவகிரி அருகே முதிய தம்பதி கொல்லப்பட்டனர். பிள்ளைகள் நகரத்துக்குப் பிழைக்கப் போக, தோட்டத்துச் சாளையில் தனியே கிடக்கும் அப்பிச்சியும் ஆத்தாவும் இன்று இரவெல்லாம் கண் மூடுவதில்லை. அவர்களுக்கு ரோந்து வேண்டும், அழைத்தவுடன் வரும் வண்டி வேண்டும், வாசலில் விளக்கு வேண்டும். இதுவும் தெருப் பாதுகாப்புக் கணக்கில்தான் வரவேண்டும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை! மக்கள் பங்கு என்ற பெயரால், பதில் சொல்லக் கடமையில்லாதவர் கையில் அதிகாரத்தைக் கொடுக்கலாகாது. 1993இல் இராமநாதபுரத்தில் நல்ல நோக்கோடு தொடங்கியதுதான் 'போலீஸ் நண்பர்கள்' இயக்கம். 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் மாண்ட கொடுமையில் அவ்வியக்கத்தினர் மீதும் புகார் எழ, அரசு அதைத் தடை செய்தது. மக்களுக்கு வேண்டியது லத்தியில் பங்கல்ல, கணக்கில் பங்கு!

அதற்கு மேடை இருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று தமிழக நகரங்களில் பகுதி சபைகள் கூடின. கோவை மாநகராட்சிக்கு 100 வார்டுகள். ஒவ்வொரு வார்டிலும் சபை கூடும்போது நம் தோழர்கள் எழுந்து கேட்கட்டும்: எங்கள் தெருவில் எத்தனை விளக்கு எரியவில்லை? எந்தத் திடலை எவர் வளைத்திருக்கிறார்? படிப்பகத்துக்கு இந்த ஆண்டு எவ்வளவு? வந்த பணம் எங்கே? கேட்டதைத் தீர்மானமாக எழுதுங்கள், கையெழுத்துப் போடுங்கள், அடுத்த கூட்டத்தில் பதிலைக் கேளுங்கள். ஆளுவோர் யாராயினும் கேளுங்கள். நம்மவராயின் உரிமையோடு இன்னும் உரக்கக் கேளுங்கள்!

பாட்டாளியின் வரிப்பணத்தில்தான் விலங்கும் செய்யப்படுகிறது. அதே பணத்தில் முதலில் விளக்கு எரியட்டும். விளக்கு எரியும் தெருவில் விலங்குக்கு வேலை குறையும்.